ஒடுகத்தூரில் ஸ்டீயரிங் பாக்ஸ் பிரித்த நான்கு நாட்கள்

சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் ஃபிட்டராக வேலை செய்யும் நான், மூன்று வார விடுப்பில் ஒடுகத்தூருக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். அப்பா 1982-ல் வாங்கிய மாஸி பெர்குசன் 1035 டிராக்டரில், ஸ்டீயரிங்கைக் கால் சுற்று திருப்பிய பிறகே முன் சக்கரம் அசைகிறது என்று தம்பி வந்த அன்றே சொன்னான். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் வட ஆற்காடு மாவட்டம் என்றே இருக்கிறது. 1989-லும் 2019-லும் மாவட்டம் பிரிந்து பிரிந்து சிறுத்ததை அந்தப் புத்தகம் அறியாது.

முதலில் வேலூரில் உள்ள ஒரு சர்வீஸ் நிலையத்துக்குச் சென்று அரை நாளை இழந்தேன். கைப்பேசியில் எடுத்திருந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, ஸ்டீயரிங்கின் சுற்றை முன் சக்கரங்களுக்குக் கடத்தும் ஸ்டீயரிங் பாக்ஸைப் புதிதாகப் போடலாம், இல்லையென்றால் வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடலாம் என்றார்கள். எழுத்தில் மதிப்பீடு கேட்டேன். வண்டியைக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார்கள். தேய்ந்தது எது என்று யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் மனக்குறை.

ஊரில் எல்லோரும் பாய் என்று அழைக்கும் முதிய மெக்கானிக்கிடம் தம்பி அழைத்துச் சென்றான். அவர் பாக்ஸைத் தொடவே இல்லை. முன் அச்சுக்கு ஜாக்கி கொடுத்து இரு சக்கரங்களையும் தூக்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டி, சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னின் புஷ்ஷில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று பார்த்தார். பிறகு என்னை ஸ்டீயரிங்கை மெல்ல அசைக்கச் சொல்லிவிட்டு, சக்கரத்தைத் திருப்பும் ராடுகளின் முனையிலுள்ள பால் ஜாயின்ட் ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துக் காத்திருந்தார். ஸ்டீயரிங் அசைந்தும், பாக்ஸிலிருந்து இறங்கி ராடைத் தள்ளும் கையான டிராப் ஆர்ம் அசையாத இடைவெளியைக் கண்ட பிறகுதான், “பாக்ஸுதான் சார், ஆனா இடது பக்க ஜாயின்ட்டும் போயிடுச்சு” என்றார். கப்பலிலும் நாங்கள் இப்படித்தான் செய்கிறோம். கடைசிப் பாகத்திலிருந்து பின்னோக்கி வந்தால்தான் நல்ல பாகத்தை வீணாகக் கழற்ற நேராது.

இந்த டிராக்டரில் ஒரு பாக்ஸிலிருந்து இரு பக்கமும் இரண்டு டிராப் ஆர்ம்கள் இறங்கி, ஒவ்வொன்றும் தன் பக்கத்துச் சக்கரத்தைத் தனித்தனி ராடால் தள்ளுகின்றன. பாத்திக்கேற்ப முன் சக்கரங்களின் அகலத்தைக் கூட்டிக் குறைத்தாலும் ராடின் நீளத்தை மாற்ற வேண்டியதில்லை என்பதற்காகப் பெர்குசன் கண்ட அமைப்பு இது. உள்ளே திருகுத் தண்டின் மேல் ஒரு நட்டு ஓடுகிறது. இரண்டுக்கும் இடையில் எஃகுக் குண்டுகள் உருண்டு, ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் குழாய் வழியாகத் திரும்புகின்றன. அந்த நட்டு, டிராப் ஆர்ம் பூட்டிய ஒரு ராக்கர் ஷாஃப்டைத் திருப்ப, அதன் பற்களில் கோத்த மற்ற ஷாஃப்ட் எதிர்த்திசையில் திரும்புகிறது. இந்தப் பற்கள் ஒன்று மாறிக் கோத்தாலும் இரு சக்கரங்களும் வெவ்வேறு பக்கம் பார்க்கும்.

எனவே கழற்றுவதற்கு முன்பே டிராப் ஆர்மிலும் ஷாஃப்டிலும் சென்டர் பஞ்சால் புள்ளி வைத்தார். டிராப் ஆர்மைச் சுத்தியால் தட்டிக் கழற்ற முயன்ற பட்டறைப் பையனைக் கடிந்துகொண்டு, இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரை எடுத்துக் கொடுத்தார். பாக்ஸைத் திறந்ததும் எனக்கே அருவருப்பாக இருந்தது. கியர் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில், யாரோ எப்போதோ அடைத்த கிரீஸ் தண்ணீரோடு கலந்து மோர்க்குழம்பு நிறத்தில் இருந்தது. கிரீஸைப் பல் ஒருமுறை ஒதுக்கித் தள்ளிவிட்டால் அது திரும்ப வழிந்து வராது, ஆயில் வரும். ஸ்டீயரிங் தண்டின் மேல் புஷ் தேய்ந்திருந்ததால் மழைத் தண்ணீர் அதன் வழியே இறங்கியிருக்கிறது. சேற்றுழவில் இரும்புச் சக்கரம் போட்டு ஓட்டிய பாரமும் சேர்ந்துகொண்டது.

வெள்ளை வேட்டித் துண்டை விரித்து அதன் மேல்தான் நட்டைப் பிரித்தார்; குண்டு ஒன்று மண்ணில் விழுந்தால் ஒரு நாள் போய்விடும். எண்ணிப் பார்த்து, எண்ணிக்கையைச் சுவரில் கரியால் எழுதினார். திருகுத் தண்டின் நடுப்பகுதியில் சிறு குழிகள் விழுந்திருந்தன. அங்கே வெல்டிங் வைத்துக் கடைந்து தர ஒரு லேத் பட்டறைக்காரர் முன்வந்தார், பாய் மறுத்துவிட்டார். அந்தத் தண்டு மேற்பரப்பில் கடினமாக்கப்பட்டது. சூடுபட்டால் அந்தக் கடினம் போய்விடும். ராக்கர் ஷாஃப்டின் புஷ்களை மட்டும் வெண்கல வகையான கன்மெட்டலில் கடையச் சொன்னார். குண்டுகளைப் பொறுத்தவரை, பழையதோடு புதியதைக் கலந்தால் பெரியது மட்டுமே பாரம் தாங்கும் என்பதால் முழு செட்டையும் மாற்றினோம்.

உதிரி பாகத்துக்காக மறுநாள் காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்குச் சென்றேன். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் தண்டும் நட்டும் சேர்ந்த செட்டும், பேரிங், ஆயில் சீல், இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் தகடுகளும் கிடைத்தன. மொத்தம் 9,400 ரூபாய். இடது பால் ஜாயின்ட் வேலூரிலேயே கிடைத்தது.

பூட்டும்போது எங்களுக்குள் ஒரு சிறு வாக்குவாதம் நடந்தது. ஆட்டம் முழுவதையும் ஷிம் எடுத்தே போக்கிவிடலாம் என்று நான் நினைத்தேன். நேராக ஓடும் நிலையில்தான் பற்கள் அதிகம் தேயும். அங்கே ஆட்டம் இல்லாதபடி இறுக்கினால், கோடித் திருப்பத்தில் பிடித்துக்கொள்ளும் என்றார் அவர். ஒரு தகட்டை நீக்கிப் பூட்டிக் காட்டினார். வலது கோடியில் ஸ்டீயரிங் கல்லாக நின்றது. தகட்டைத் திரும்பப் போட்டு, ஸ்டீயரிங் வளைய விளிம்பில் இரண்டு விரல் ஆட்டத்தை விட்டுவைத்தார். அவர் சொன்னது சரி, நான் ஒப்புக்கொண்டேன்.

சேவை பற்றிக் குறை சொல்ல வேண்டுமென்றால் இரண்டு உண்டு. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, ஆட்டுச் சந்தை கூடும் நாள் என்பதால் பட்டறைப் பையன் மதியம் வரை வரவே இல்லை. அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கூலி 4,500 ரூபாய்க்கு ரசீது கேட்டபோது நோட்டுப் புத்தகத் தாளில் மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தந்தார். எந்தெந்தப் பாகம் மாற்றினோம் என்பதை நான்தான் அதன் கீழே எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வைத்தேன்.

நான்காம் நாள் மாலை 90 கிரேடு கியர் ஆயில் ஊற்றி, இரு முன் சக்கரங்களுக்கும் நூல் கட்டி முன்னும் பின்னும் அளந்து ராடுகளைச் சரிசெய்தார்கள். பத்து மணி நேரம் ஓட்டிய பிறகு டிராப் ஆர்ம் நட்டுகளை மீண்டும் இறுக்கி ஆயில் மட்டம் பார்க்க வேண்டும் என்று பாய் சொன்னார். நான் விமானம் ஏறிய மறுநாள், இடது நட்டு கால் சுற்று ஏறியது என்று தம்பி செய்தி அனுப்பினான்.