ஊரில் வயதான அப்பா அம்மாவின் போக்குவரத்து: ரயில், பஸ், ஆட்டோ நிலவரம்

விடுமுறைக்கு ஊருக்கு வரும் நாம் பெரும்பாலும் ஒரு காரைப் பேசிவிடுகிறோம். அப்பா அம்மாவும் நம்மோடு அதிலேயே சுற்றி வந்துவிடுகிறார்கள். நாம் விமானம் ஏறிய பிறகு ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் அவர்கள் எதில் போவார்கள் என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். தமிழ்நாட்டில் வசதிகள் முன்பைவிடக் கூடியிருக்கின்றன. விதிகளின் நுணுக்கம் தெரியாததால் அவற்றைக் கோட்டை விடுவது மிக எளிது.

ரயிலில் முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அதன்பின் முழுக் கட்டணம்தான். மிச்சமிருப்பது கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு: ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயது. ஸ்லீப்பர் பெட்டிக்கு ஆறேழு, மூன்றடுக்கு ஏசியில் நாலைந்து, இரண்டடுக்கு ஏசியில் மூன்று நான்கு படுக்கைகள் இதற்கென்று ஒதுக்கப்படுகின்றன. ஐஆர்சிடிசி தளத்தில் 'ஜெனரல்' என்று இருக்கும் இடத்தை 'லோயர் பெர்த்/சீனியர் சிட்டிசன்' என்று மாற்ற வேண்டும். ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் இரண்டு பேர், இருவருமே அந்த வயதைக் கடந்திருக்க வேண்டும். நாற்பது வயது மகனோ பேரனோ சேர்ந்தால் ஒதுக்கீடு போய்விடும். குடும்பமாகப் பக்கத்தில் இருக்கலாமே என்று எல்லாருக்கும் ஒரே டிக்கெட் போடும்போதுதான் எழுபத்தைந்து வயதுக்காரருக்கு மேல்படுக்கை விழுகிறது. அவர்களுக்குத் தனி டிக்கெட், நமக்குப் பொது ஒதுக்கீட்டில் வேறு டிக்கெட் என்று பிரித்துவிடுங்கள். பெட்டி வேறாக அமைந்தாலும் நம்மால் நடந்து போய்ப் பார்த்துக்கொள்ள முடியும்.

ஆர்ஏசி (முழுப் படுக்கை உறுதியாகாமல், உட்கார இடம் மட்டும் உறுதியான டிக்கெட்) கிடைத்தாலும் பயணம் உறுதிதானே என்று இருந்துவிடாதீர்கள். பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இருவர் பகிர்ந்து உட்கார்ந்தே இரவைக் கழிக்க நேரலாம், மூட்டுவலி உள்ளவருக்கு அது தண்டனை. கடைசி நேர முன்பதிவான தட்கலில் மேலே சொன்ன கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு கிடையாது. முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2025-இல் தட்கலுக்கும், முன்பதிவு திறக்கும் நாளின் தொடக்க நேரத்துக்கும் ஆதார் சரிபார்த்த கணக்கைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஆதார் இல்லாத கணக்கில் காலை எட்டு மணிக்குக் காத்திருப்பதில் பயனில்லை. ஊரில் இருக்கும் அண்ணன், தங்கை யாருடைய கணக்கிலாவது ஆதாரைச் சரிபார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

டிக்கெட்டைவிடக் கடினம் ஏறுவது. உயர்மட்ட நடைமேடையே தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 செ.மீ. உயரம்தான். பெட்டியின் தரை அதைவிட ஏறத்தாழ முழங்கால் அளவுக்கு மேலே இருக்கும். சிறிய நிலையங்களில் நடைமேடை இன்னும் தாழ்வு, வண்டி நிற்பதும் ஒன்றிரண்டு நிமிடம். வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக அங்கே ஏற்றாதீர்கள். சற்றுத் தள்ளியிருந்தாலும் வண்டி கூடுதல் நேரம் நிற்கும் ஜங்ஷனை ஏறுமிடமாக டிக்கெட்டிலேயே போடுங்கள். சக்கர நாற்காலியை நிலைய மேலாளர் அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். பேட்டரி கார் பெரிய நிலையங்களில்தான் உண்டு, எல்லா நடைமேடைக்கும் அது வரும் என்று நம்ப முடியாது. லிப்ட் எந்த நடைமேடையில் இறங்குகிறது என்பதை முதல் நாளே பார்த்து வைப்பது நல்லது.

சென்னைக்கு வரும் தென்மாவட்ட பஸ்கள், 2023 டிசம்பர் இறுதியில் நகரின் தெற்கே திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்கு மாறியதில், தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு லாபம். வடசென்னைக்காரர்களுக்கோ விடியற்காலையில் இறங்கி, பையோடு மாநகரப் பஸ் பிடித்து, இன்னும் முப்பது கிலோமீட்டர் போக வேண்டும். பெற்றோர் தனியாக வருவதாக இருந்தால் எழும்பூர் வரை வரும் ரயிலே மேல்.

சென்னைக்குள் அம்மாவுக்கு, பெண் என்பதால், சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 மே முதல் கட்டணமே இல்லை. அப்பாவுக்கு, சென்னையில் வசிக்கும் 60 வயது கடந்தவர் என்ற முறையில் மாதம் 10 இலவச டோக்கன். ஆறு மாதத்துக்கு உள்ளதை மொத்தமாகத் தருவார்கள். முகவரிச் சான்று, வயதுச் சான்று, புகைப்படத்தோடு அறிவிக்கும் நாள்களில் டிப்போவுக்குப் போக வேண்டும். ஏசி பஸ்ஸில் செல்லாது.

2024 முதல் மறுபடி ஓடும் தாழ்தள பஸ்கள் உண்மையிலேயே பெரிய மாற்றம். படியே இல்லை, நிறுத்தத்தில் பஸ் ஒருபக்கம் சற்றுத் தாழ்ந்தும் கொடுக்கிறது. நடைபாதையை ஒட்டி நின்றால்தான் இதில் பயன். நிறுத்தத்தில் பைக்கும் ஆட்டோவும் நிற்பதால் பஸ் நடுரோட்டில் நிற்கிறது. பெரியவர் நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கி, மறுபடி ஏற வேண்டியிருக்கிறது. கோடிக்கணக்கில் பஸ் வாங்கிய அரசு நிறுத்தத்தின் இருபது மீட்டரைக் காலியாக வைக்காதது மனதை வருத்துகிறது. பெற்றோர் கைப்பேசியில் 'சென்னை பஸ்' செயலியைப் போட்டுக் கொடுங்கள். பஸ் எங்கே வருகிறது என்று பார்த்துப் புறப்பட்டால், உட்கார இடமில்லாத நிறுத்தத்தில் நிற்கும் நேரமாவது குறையும்.

ஆட்டோவை வெளிநாட்டிலிருந்தே செயலியில் பதிவு செய்து கொடுக்கலாம். 'வேறொருவருக்காக' என்று தேர்ந்தெடுத்துப் பெற்றோர் எண்ணைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டுநர் அழைப்பது உங்கள் வெளிநாட்டு எண்ணுக்குப் போகும். ஓடிபி எண்ணை முன்பே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். வண்டி தெருமுனையில் நிற்காமலிருக்க, வரைபடக் குறியைக் கையால் நகர்த்தி வாசலிலேயே வையுங்கள். முழங்கால் மடங்காதவர்கள் ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்து ஏற முயல்வதால்தான் தடுமாறுகிறார்கள். கார் என்றால் முதுகைக் காட்டி முதலில் இருக்கையில் உட்கார்ந்து, பிறகு இரு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். உயரமான எஸ்யூவியைவிட, இருக்கை இடுப்புக்குச் சற்றுக் கீழே இருக்கும் கார் வசதி. ஆட்டோவில் ஓட்டுநருக்குப் பின்னுள்ள கம்பியைப் பிடித்து, வலி குறைந்த காலை முதலில் வைத்து ஏற வேண்டும். இறங்கும்போது வலிக்கும் கால் முதலில்.

சில பயணங்களையே தவிர்த்துவிடலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. அரசின் தாயுமானவர் திட்டத்தில் வயது முதிர்ந்தவர்களுக்கு ரேஷன் பொருள் வாசலுக்கு வருகிறது. ஓய்வூதியருக்கான வாழ்நாள் சான்றைத் தபால்காரரே வீட்டுக்கு வந்து பதிவு செய்து கொடுக்கிறார். கிளம்புவதற்கு முன் பகுதி செவிலியர், ரேஷன் கடை, தபால் நிலையம் மூன்றிலும் பெற்றோரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் பதிந்துவிட்டு வாருங்கள்.