வெட்டுவதா, விடுவதா, திகதி போட்டு நிறுத்துவதா?

திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில் எங்கள் கழகத்தின் உதைபந்தாட்ட அரையிறுதி. முதல்நாள் பெய்த மழையில் தரை இன்னும் காயவில்லை. 70ஆவது நிமிடம், ஆட்டம் 1-1. எங்கள் பத்தாம் இலக்கப் பொடியனை வெளியே வரச்சொல்லிக் கோச் கை காட்டினார். கோட்டைத் தாண்டியதும் அவன் ஜேர்சியைக் கழற்றி அவருடைய காலடியில் எறிந்துவிட்டு, வெறும் மேலோடு கேற் வரைக்கும் நடந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். கோச் குனிந்து அதை எடுத்தார். ஒட்டியிருந்த ஈர மண்ணை விரலால் வழித்துவிட்டு, நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்தார். பிறகு மறுபடி ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினார். அந்த ஆட்டத்தில் தோற்றுவிட்டோம்.

அதற்கு இரண்டு கிழமைக்கு முன்புதான், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கிண்ணியாவில் ஒரு சுற்றுப்போட்டியில் வேறு அணிக்கு ஆடிவிட்டு வந்திருந்தான். பயிற்சிக்கு வருவதும் அவன் நினைத்தால்தான். ஆனால் இந்தப் பருவத்தில் நாங்கள் போட்ட கோல்களில் பாதி அவன் போட்டது.

அன்றிரவே நிர்வாகம் கூடியது. "பெயரை வெட்டு" என்றார்கள் சிலர். "கேட்கிற கழகத்துக்குக் கொடுத்துவிடுவோம்" என்றார்கள் வேறு சிலர். "மன்னிப்புக் கேட்கும் வரைக்கும் வெளியே நிற்கட்டும்" என்றார் தலைவர். கடிதம் எழுத வேண்டியவன் செயலாளரான நான். பெரிய கழகங்கள் இதே இடத்தில் நின்றபோது என்ன செய்தன, பிறகு என்ன ஆயிற்று என்று ஒரு கிழமையாகத் தேடிப் படித்தேன்.

வெட்டச் சொன்னவர்கள் வாயில் முதலில் வந்த பெயர் ரொனால்டோ. 2022 ஒக்டோபரில் மன்செஸ்டர் யுனைட்டட் டொட்டன்ஹாமுடன் ஆடிய ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்க மறுத்து, ஆட்டம் முடியுமுன்பே உள்ளே போனவர். அடுத்த மாதம் தொலைக்காட்சிப் பேட்டியில் கழகத்தையும் முகாமையாளரையும் தாக்கினார். நவம்பர் 22ஆம் திகதி இரு தரப்பும் ஒத்துக்கொண்டு ஒப்பந்தம் முடிந்தது. அவர் இல்லாமலே மன்செஸ்டர் யுனைட்டட் அந்தப் பருவத்தில் லீக் கிண்ணத்தை வென்றது, பிரீமியர் லீக்கில் 3ஆம் இடமும் வந்தது. சரிதான். ஆனால் ரொனால்டோவுக்கு அப்போது 37 வயது. ஒப்பந்தத்தில் மிச்சமிருந்ததும் ஏழு மாதம் அளவுதான். எங்கள் பொடியனுக்கு 22.

இளம் வயதுக்காரனை வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அட்ரியன் முட்டுவைப் பார்க்க வேண்டும். போதைப்பொருள் பரிசோதனையில் சிக்கிய அவரை 2004இல் செல்சி நீக்கியது. அவருக்கு 25 வயது. சில மாதங்களில் யுவென்டஸ் எடுத்துக்கொண்டது. செல்சி நட்டஈட்டு வழக்கோடு நின்றது. 2008இல் ஃபிஃபா முட்டுவைச் செல்சிக்கு 1 கோடியே 70 இலட்சம் யூரோவுக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது, அடுத்த வருடம் விளையாட்டு நடுவர் மன்றமும் அதை உறுதி செய்தது. செல்சிக்குச் சட்டத்தரணிகள் இருந்தார்கள். எங்களிடம் இருப்பது பதிவுப் புத்தகமும் ஒரு பந்துப் பையும்.

கொடுத்துவிடும் யோசனையைப் பற்றி அதிகம் எழுத எதுவுமில்லை. ஆர்சனல் 2021 டிசம்பரில் ஒபமேயாங்கின் அணித்தலைவர் பதவியைப் பறித்து, 2022 பெப்ரவரியில் காசு வாங்காமலே பார்சிலோனாவுக்கு விட்டது. அந்தப் பருவத்தில் 2 புள்ளி வித்தியாசத்தில் சம்பியன்ஸ் லீக் வாய்ப்பைத் தவறவிட்டார்கள். அதே பார்சிலோனா செப்டெம்பரில் அவரைச் செல்சிக்கு விற்றுக் காசு பார்த்தது. நாங்கள் விட்டால் எங்களுக்கு ஒரு சதமும் வராது. அடுத்த வருடம் அவன் எங்கள் வலைக்குள்ளேயே அடிப்பான்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது தலைவரின் யோசனை. கேட்க நியாயமாக இருக்கிறது. மன்னிப்புக் கேள், உள்ளே வா. 2023 செப்டெம்பரில் யுனைட்டட் ஜேடன் சான்சோவிடம் கேட்டதும் இதைத்தான். பயிற்சியில் சரியில்லை என்று முகாமையாளர் பகிரங்கமாகச் சொன்னார், தன்னைப் பலிக்கடா ஆக்குகிறார்கள் என்று அவரும் பகிரங்கமாக எழுதினார். மன்னிப்பு வரவில்லை. 7 கோடிப் பவுணுக்கு மேல் கொடுத்து வாங்கிய வீரர் மாதக்கணக்கில் தனியாகப் பயிற்சி செய்தார். ஜனவரியில் டோர்ட்முண்டுக்கு இரவலாகப் போய், அந்த அணியோடு சம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் ஆடினார்.

டெவெஸ் கதையில் முடிவு வேறு. 2011 செப்டெம்பரில் மியூனிக்கில் களமிறங்க மறுத்தார் என்று மன்செஸ்டர் சிட்டி முகாமையாளர் மன்சினி அவரைக் கைகழுவினார். ஆள் ஆர்ஜென்டீனாவுக்குப் போய் மாதக்கணக்கில் இருந்துவிட்டு, பெப்ரவரியில் திரும்பி மன்னிப்புக் கேட்டார். மார்ச் 21ஆம் திகதி செல்சியுடன் மாற்று வீரராக இறங்கி, நஸ்ரியின் வெற்றிக் கோலுக்குப் பந்து கொடுத்தார். ஏப்ரலில் நோர்விச்சுக்கு மூன்று கோல். மன்செஸ்டர் சிட்டி அந்த வருடம் சம்பியன். ஆனாலும் அரைப் பருவம் வீணாகப் போனது. முதலில் யார் இறங்கி வருவது என்று இரண்டு பக்கமும் காத்திருந்ததால் வந்த வினை அது. திருகோணமலையில் இதை விட மோசமாகும். பொடியனின் மாமா நிர்வாகத்தில் இருக்கிறார், கோச் அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார். மூன்று மாதம் இழுத்தால் ஊரே இரண்டாகும்.

அப்புறம்தான் யுனைட்டட்டின் கன்டோனாவுக்கு வந்தேன். 1995 ஜனவரி 25, செல்ஹர்ஸ்ட் பார்க். சிவப்பு அட்டை வாங்கி வெளியேறும்போது பார்வையாளர் ஒருவரை எட்டி உதைத்தார். எங்கள் பொடியன் செய்தது அதற்குப் பக்கத்திலும் வராது. கழகம் 20,000 பவுண் தண்டம் போட்டு, பருவம் முடியும்வரை நிறுத்தியது. இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் அதைச் செப்டெம்பர் 30 வரை நீட்டியது. அதற்கு யுனைட்டட் கொடுத்த விலை கொஞ்சமல்ல. லீக் 1 புள்ளியில் போனது, எஃப்.ஏ. கிண்ண இறுதியிலும் தோற்றார்கள். ஆனால் தண்டனைக்கு ஒரு கடைசி நாள் இருந்தது. ஆள் மனம் வெறுத்துப் பாரிசுக்குப் போனபோது, ஃபெர்குசன் நேரில் போய்ப் பேசிக் கூட்டிவந்தார். ஒக்டோபர் 1ஆம் திகதி லிவர்பூலுக்கு எதிராகத் திரும்பிய கன்டோனா, அன்றே பெனால்டியில் கோல் அடித்தார். அந்தப் பருவத்தில் லீக், கிண்ணம் இரண்டும் யுனைட்டட்டுக்கு. கிண்ண இறுதியில் விழுந்த ஒரே கோல் அவருடையது.

திகதி போட்ட தண்டனைதான் சரி என்று இரண்டாவது கூட்டத்தில் சொன்னேன். ஆறு கிழமை. திரும்பி வரும் நாள் கடிதத்திலேயே இருக்கும். அதற்குள் எங்களுக்கு நான்கு ஆட்டங்கள் உண்டு, நான்கிலும் தோற்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. மன்னிப்பு வேண்டும், ஆனால் அணிப் பொடியன்கள் முன்னால் மட்டும், முதல்நாள் பயிற்சிக்கு வரும்போது. முகநூலில் யாரும் ஒரு வரி எழுதக் கூடாது, நிர்வாகத்தினரும்தான்.

இன்னொன்றும் கேட்டேன். கிண்ணியாவுக்கு அவன் ஏன் போனான் என்று யாராவது விசாரித்தோமா? மாரிக் கடல். நாள் கணக்கில் படகு இறங்கவில்லை. ஓர் ஆட்டத்துக்கு 5,000 ரூபாய் என்று கூப்பிட்டிருக்கிறார்கள், போயிருக்கிறான். எங்கள் ஆட்டம் இல்லாத நாட்களில், சொல்லிவிட்டுப் போனால் போகலாம் என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்தோம். தலைவருக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

தபாலில் அனுப்ப வேண்டாம் என்று கடிதத்தை வாங்கிக்கொண்டது கோச். நாளை காலை திருக்கடலூர்க் கரையில் அவன் வலை தைத்துக்கொண்டிருப்பான், தானே போய்க் கொடுப்பதாகச் சொன்னார். ஜேர்சியைத் துவைத்தாயிற்றாம். ஆறு கிழமைக்கும் அது அவர் வீட்டு அலுமாரியில் இருக்கும், வேறு யாருக்கும் கொடுக்கப்போவதில்லை.