நாய்க்குப் பச்சைக் கறி பிளான் விக்கிறவங்ககிட்ட மூணு மாசக் காசை முன்னாடியே கட்டிடாதீங்க

தென்னாப்பிரிக்காவுல லெனேசியா, லாடியம் பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்க யாராவது நாய்க்கு ரா ஃபுட் (வேக வைக்காத இறைச்சி) பிளான் எடுக்கலாம்னு யோசிச்சிட்டு இருந்தா காசு அனுப்புறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவ படிச்சிடுங்க. புகார் இன்னும் நடந்துக்கிட்டு இருக்கிறதால வித்தவங்க பேரைப் போடல, "அவங்க"ன்னே சொல்றேன்.

எங்க நாய் மணி, மினியேச்சர் ஷ்னாசர் ஜாதி, எட்டு கிலோ, வயசு ஏழு. சும்மா சும்மா காலை நக்கிக்கிட்டு வயித்தச் சொறிஞ்சிக்கிட்டு இருந்தான். நாத்தனாரோட வேலை பாக்கிற பொண்ணு ஒண்ணு வாட்ஸ்அப்ல ஒரு நம்பர் அனுப்புச்சு, நாய்களுக்கான நியூட்ரிஷனிஸ்ட்னு போட்டிருந்துது, கிபிள்ல (கடையில மூட்டையா விக்கிற உலர்ந்த நாய்த் தீனி) இருக்கிற தானியம்தான் எல்லா அரிப்புக்கும் காரணம், பச்சைக் கறிக்கு மாத்தினா ஒரு மாசத்துல தோல் பளபளன்னு ஆயிடும்னு, அதுக்குக் கீழ முன்னாடி ஒரு ஃபோட்டோ பின்னாடி ஒரு ஃபோட்டோ. அந்த ஃபோட்டோவ பிற்பாடு கூகுள்ல போட்டுத் தேடினா அமெரிக்காவுல வேற யாரோ விக்கிற பக்கத்துல அதே நாய் அதே சோஃபாவுல உக்காந்திருக்கு, அது தனிக் கதை.

வீடியோ கால்ல கேட்டது ரெண்டே கேள்விதான், எடை எவ்ளோ, வயசு எவ்ளோ. என்ன ஜாதி, முன்னாடி என்ன வியாதி வந்துச்சு, ரத்தம் டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா, ஒண்ணும் கிடையாது. எடையில ரெண்டரை சதவீதம்னு கணக்குப் போட்டு ஒரு நாளைக்கு 200 கிராம், மாசம் ஆறு கிலோ, கிலோ 140 ரேண்ட், மூணு மாசத்துக்கும் சேத்து இப்பவே இஎஃப்டி (பேங்க் டிரான்ஸ்ஃபர்) பண்ணிடணும், கன்சல்டேஷன் 850 தனி. மொத்தம் 3370 ரேண்ட். 80:10:10னு சொன்னாங்க, அதாவது 80 பங்கு சதை, 10 பங்கு எலும்பு, 10 பங்கு ஈரல் கிட்னி மாதிரி உள்ளுறுப்பு. இந்தப் பச்சை உணவு விஷயத்த பெருசாப் பரப்பினது ஆஸ்திரேலியா வெட் (கால்நடை டாக்டர்) இயன் பில்லிங்ஹர்ஸ்ட், 1993லயே புத்தகம் எழுதினவர், அவர் சொல்றதுல காய்கறியும் உண்டு. அவங்க வித்ததுல காய் கீய் எதுவும் கிடையாது, கேட்டா நாய் ஓநாய் வம்சம்னு ஒரு லெக்சர்.

இதுல எங்க வீட்டு கூத்து என்னன்னா அப்போ புரட்டாசி பொறக்கப் போகுது. அத்தை பொறந்து வளந்தது டர்பன், புரட்டாசி மாசம் பூரா வீட்டுக்குள்ள முட்டை கூட வராது. கிபிள் மட்டும் எப்படியோ கண்ணுக்குத் தெரியாம நடந்துக்கிட்டு இருந்துச்சு, இப்போ கோழிக் கழுத்தையும் ஈரலையும் எங்க வைக்கிறதுன்னு பெரிய பஞ்சாயத்து. கடைசியில கராஜ்ல ஒரு சின்ன ஃப்ரீசர் வாங்கி வச்சோம், அந்தச் செலவ நான் கணக்குல கூட சேக்கல. அத்தை கராஜ் பக்கமே போகல, காரை எடுக்கணும்னா கூட வெளியவே நின்னு ஏறிக்குவாங்க.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். இவங்க கறியை மட்டும் விக்கல, நம்ம என்ன புகார் சொன்னாலும் அதுக்கு ஒரு பதிலையும் முன்கூட்டியே சேத்து வித்துடறாங்க. கறி வர்றதுக்கு முந்தின நாளே ஒரு பிடிஎஃப் வந்துச்சு, அதுல எழுதியிருந்தது, முதல் ரெண்டு வாரம் வாந்தி, லூஸ் மோஷன், கக்காவுல சளி, வாய் நாத்தம் எல்லாம் வரலாம், பயப்படாதீங்க, இத்தன வருஷ கிபிள் விஷம் வெளிய போகுது, டிடாக்ஸ். அப்புறம் கிபிளையும் ரா ஃபுட்டையும் கலக்கவே கூடாதாம், ரெண்டும் வேற வேற வேகத்துல ஜீரணமாகுமாம், அதனால ஒரு நாள் பட்டினி போட்டு மறுநாளே முழுசா மாத்தணுமாம். இன்னொரு வரி, வெட் டாக்டருங்க எல்லாம் கிபிள் கம்பெனிக்கிட்ட கமிஷன் வாங்குறவங்க, அவங்க பயமுறுத்துவாங்க, கேக்காதீங்க. பாத்துக்கோங்க, நாய்க்கு உடம்பு கெட்டா அது நல்லதுக்கு, டாக்டர் கெட்டதுன்னு சொன்னா அவர் வித்துப்போனவர், எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு சாத்தியிருக்கு.

மூணாம் நாளே லூஸ் மோஷன். மெசேஜ் பண்ணினா சிரிக்கிற மூஞ்சி போட்டு "சூப்பர், வேலை செய்யுது"ன்னு பதில். அப்புறம் அப்படியே தலைகீழா, முக்கி முக்கிப் போறான், வெளிய வர்றது வெள்ளை வெளேர்னு சாக்பீஸ் பொடி மாதிரி. அதுக்கும் பதில் ரெடி, உடம்பு எல்லாத்தையும் உறிஞ்சிடுது, வேஸ்ட்டே இல்லன்னு. உண்மை என்னன்னா எலும்பு அளவுக்கு மேல போனாதான் அப்படி வெள்ளையா உதிரும், வெட் பாத்த உடனே கேட்ட முதல் கேள்வியே எலும்பு போடுறீங்களான்னுதான்.

அதுக்கடுத்த வாரம் சாப்பாட்டையே தொடல, மஞ்சளா வாந்தி, அப்புறம் முன்னங்கால் ரெண்டையும் தரையில நீட்டி நெஞ்சக் கீழ வச்சு பின்பக்கத்த மட்டும் தூக்கிக்கிட்டு நிக்கிறான், அத்தை பாத்துட்டு "சாமி கும்பிடுறான் பாரு"ன்னாங்க, வெட் சொன்னாங்க அது வயித்து வலி தாங்க முடியாம நாய் நிக்கிற நிலைன்னு. ரத்தத்துல லைபேஸ் (கணையத்துல சுரக்கிற என்சைம்) அளவு பாத்து ஸ்கேனும் பண்ணி பாங்க்ரியடைட்டிஸ், கணையத்துல வீக்கம். ஷ்னாசர் ஜாதிக்கே ரத்தத்துல கொழுப்பு ஏறுற சுபாவம் இருக்காம், அதுங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தி இருக்கிற சாப்பாட்டத் திடீர்னு குடுக்கிறது ரொம்ப ஆபத்தாம், வெட் டாக்டருங்க படிக்கிற பாடத்துலயே இருக்கிற விஷயமாம். ஜாதி என்னன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும் அவங்க. டிரிப், வலி ஊசி, வாந்தி நிக்க ஊசி, ராத்திரி அங்கயே தங்க வச்சு பில்லு ஒன்பதாயிரம் ரேண்ட் கிட்ட. இதெல்லாம் ஓடிக்கிட்டு இருக்கும்போது அவங்ககிட்ட இருந்து வந்த மெசேஜ், "டிடாக்ஸ நடுவுல நிறுத்தினா இப்படித்தான் ஆகும்".

அரிப்பு விஷயம்? வெட் வயித்தத் திருப்பிப் பாத்துட்டு, முடி இல்லாத இடத்துலதான் சிவப்பா இருக்கு, லான்ல என்ன புல்லுன்னு கேட்டாங்க. கிக்குயூ புல்லு. சாப்பாட்டுக்கும் அரிப்புக்கும் சம்பந்தம் இருக்கிற மாதிரியே தெரியல, வெளிய போயிட்டு வந்தா காலையும் வயித்தையும் கழுவித் துடைங்கன்னு சொல்லி ஒரு ஷாம்பு குடுத்தாங்க, இப்போ பாதி குறைஞ்சிடுச்சு.

மணி வீட்டுக்கு வந்தப்புறம் எனக்கு ஆத்திரம் தாங்கல, மிச்சம் இருந்த பாக்கெட்ல ஒரு கிலோவ எடுத்து பழைய சட்டியில தண்ணி ஊத்தி (கராஜ்ல கேஸ் வச்சுதான், அத்தை காதுல விழாம) நல்லா கொதிக்க விட்டு ஆற வச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சேன். மறுநாள் பாத்தா மேல ஒரு விரல் கனத்துக்கு வெள்ளையா உறைஞ்ச கொழுப்பு, அடியில மணல் கணக்கா எலும்புத் தூள், நடுவுல சதைன்னு சொல்ற மாதிரி இருந்தது கொஞ்சமே கொஞ்சம். தோலையும் முதுகுக் கூட்டையும் அரைச்சுப் போட்டிருக்காங்க, இதுதான் அந்த 80. இத யாரு வேணா வீட்டுல செஞ்சு பாக்கலாம், செஞ்சு பாத்துட்டு நாய்க்குப் போட்டுடாதீங்க, வெந்த எலும்பு இன்னும் மோசம். சொன்ன அளவுலயே இருந்தாலும் கூட வெறும் 80:10:10ல விட்டமின் ஈ, ஜிங்க், மாங்கனீஸ், அயோடின் எல்லாம் பத்தாதுன்னு வெட் சொன்னாங்க, குட்டி நாய்க்கு கால்சியம் பாஸ்பரஸ் கணக்குத் தப்பினா எலும்பே கோணிடுமாம். "கம்ப்ளீட்"னு லேபிள்ல போட்டு வித்தாங்களே.

லேபிள்னு சொன்னேன் இல்ல, இத நல்லா கவனிங்க. தென்னாப்பிரிக்காவுல நாய் சாப்பாடு விக்கணும்னா 1947ம் வருஷத்து 36ம் நம்பர் சட்டப்படி விவசாயத் துறையில ரெஜிஸ்டர் பண்ணணும், பாக்கெட்ல வி-ன்னு ஆரம்பிக்கிற ஒரு நம்பர் இருக்கணும், கடையில இருக்கிற சாதாரண கிபிள் மூட்டைய எடுத்துப் பாருங்க, இருக்கும். இவங்க பாக்கெட்ல ஒரு நாய் படம், ஒரு இலை படம், "ஹியூமன் கிரேட்". புரோட்டீன் எவ்ளோ கொழுப்பு எவ்ளோ எதுவும் இல்ல, என்னைக்கு அரைச்சதுன்னு தேதி கூட இல்ல. வி நம்பர் எங்கன்னு கேட்டதுக்கு பச்சைக் கறிக்கு அதெல்லாம் தேவையில்லன்னு பதில், அது பொய். வெட்னு யாராவது சொல்லிக்கிட்டா வெட்டரினரி கவுன்சில்ல பேர் இருக்கான்னு பாத்துடலாம், இவங்க சாமர்த்தியமா அந்த வார்த்தைய எங்கயும் போடல, "நியூட்ரிஷனிஸ்ட்"தான் எல்லா எடத்துலயும்.

எனக்கு இன்னைக்கும் வயித்தக் கலக்குறது வேற. நாத்தனார் ஆறு மாசம் முழுகாம இருக்கா, மணியோட கிண்ணத்த கழுவினதே பல நாள் அவதான், அவ மூஞ்சிய அவன் நக்குவான். கிருமி இருக்காதான்னு முதல்லயே கேட்டேன், ஃப்ரீஸ் பண்ணியிருக்கு எல்லாம் செத்துடும், நாய் வயித்து ஆசிட் மீதிய பாத்துக்கும்னாங்க. ஃப்ரீஸ் பண்ணினா சால்மொனெல்லாவும் லிஸ்டீரியாவும் சாகாதுங்க, சும்மா தூங்கும், லிஸ்டீரியா ஃப்ரிட்ஜ் குளிர்லயே வளரும். நாய்க்கு ஒண்ணும் ஆகாமலே அதோட கக்கா வழியா சால்மொனெல்லா வெளிய வந்துக்கிட்டு இருக்கும். 2017-18ல போலோனியில (சாசேஜ் மாதிரி பதப்படுத்தின கறி) இருந்து பரவின லிஸ்டீரியாவுல இந்த நாட்டுலயே 200 பேருக்கு மேல செத்தாங்களே, அதுல எத்தனை பச்சைக் குழந்தைங்க, அத மறந்துட்டு ஒரு கர்ப்பிணி இருக்கிற வீட்டுக்கு இப்படிச் சொல்லி விக்க எப்படி மனசு வருது. நாத்தனாருக்கு டெஸ்ட் எல்லாம் நல்லபடியா வந்துடுச்சு, அந்த ரிசல்ட் வர்ற வரைக்கும் வீட்டுல யாரும் ஒழுங்கா தூங்கல.

காசு திருப்பிக் கேட்டப்போ அவங்க எடுத்த ஆயுதம் லோட் ஷெட்டிங், அதாவது கரண்ட் கட். செப்டம்பர்ல ஸ்டேஜ் ஆறு வந்துச்சு இல்ல, உங்க ஃப்ரீசர்ல கறி உருகிக் கெட்டுப்போயிருக்கும், எங்க பொறுப்பு இல்லன்னாங்க. டெலிவரி எப்படி வந்துச்சு தெரியுமா, திறந்த பக்கி (பிக்கப் வண்டி) பின்னாடி வெயில்ல கூலர் பாக்ஸ், பாக்கெட்டத் தொட்டா மெத்துன்னு அமுங்குது, வந்த அன்னைக்கே ஃபோட்டோ எடுத்து அவங்களுக்கே அனுப்பியிருந்தேன். அத திரும்ப அனுப்பினதும் அவங்க வாட்ஸ்அப் குரூப்ல இருந்து என்னைத் தூக்கிட்டாங்க.

சட்டத்துல நமக்கு இடம் இருக்கு. 2008ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 68ம் நம்பர், பிரிவு 56 படி பொருள் சரியில்லன்னா ஆறு மாசத்துக்குள்ள திருப்பிக் குடுத்துட்டு காசையே கேக்கலாம், பிரிவு 17 படி இன்னும் வராத ஆர்டர கேன்சல் பண்ணலாம், நியாயமான ஒரு கழிவு மட்டும்தான் பிடிக்கலாம், "நோ ரீஃபண்ட்"னு இன்வாய்ஸ்ல அடிச்சிட்டா சட்டம் செத்துடாது. நான் கன்சூமர் கூட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஆம்பட்ஸ்மன்கிட்ட (நுகர்வோர் புகார விசாரிக்கிற அமைப்பு) புகார் போட்டிருக்கேன், நமக்கு ஃபீஸ் கிடையாது. வெட் ரிப்போர்ட், பில்லு, வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட், ஃபோட்டோ எல்லாம் சேத்து அனுப்பினேன். அதனால எதையும் டிலீட் பண்ணிடாதீங்க, ஒரு பாக்கெட்ட பிரிக்காம ஃப்ரீசர்ல அப்படியே வச்சிருங்க.

பச்சைக் கறியே குடுக்கக் கூடாதுன்னு நான் சண்டைக்கு வரல, வெட் நியூட்ரிஷன் படிச்சவங்க எழுதிக் குடுத்த கணக்குல, சின்னக் குழந்தை, வயசானவங்க, கர்ப்பிணி இல்லாத வீட்டுல பாத்துப் பாத்துச் செய்யறவங்க இருக்காங்க. அப்படியே மாத்தினாலும் ஏழு பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க, ஒரு நாள் பூரா வாந்தியோ பேதியோ நிக்கலன்னா வித்தவங்களக் கேக்காதீங்க, வெட்கிட்ட கேளுங்க.

ஆம்பட்ஸ்மன்ல இருந்து கடிதம் போனதும் நேத்து திடீர்னு பாசமா ஒரு மெசேஜ், காசுக்குப் பதிலா ஆறு கிலோ மாட்டுக் கறி ஃப்ரீயா அனுப்புறாங்களாம், எங்க வீட்டுக்கு, புரட்டாசியில. காசு மட்டும் இஎஃப்டில வரட்டும்னு பதில் போட்டுட்டேன். இதே மாதிரி மூணு மாசத்துக்குக் கட்டிட்டு மாட்டிக்கிட்டவங்க இருந்தா இன்வாய்ஸ எடுத்து வச்சுக்கிட்டு எனக்கு எழுதுங்க, நாலு பேரோட புகார் சேந்து போனா விவசாயத் துறைக்கும் ஒரு காப்பி அனுப்பிடலாம்.