லெப்பர்ட் கெக்கோவா, கிரெஸ்டெட் கெக்கோவா? ஜோடி வாங்குமுன் பார்க்க வேண்டியவை

இனப்பெருக்கத்துக்கென்று கெக்கோப் பல்லியில் முதல் ஜோடி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகே அறையின் சூடும் பெட்டையின் எடையும் நினைவுக்கு வருகின்றன. பார்க்க வேண்டிய வரிசை இதற்கு நேர்மாறானது.

அதற்கும் முன்னால் சட்டம். சிங்கப்பூரில் கெக்கோ வளர்க்க அனுமதி இல்லை. ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு ஊர்வனவற்றுக்கே இடமில்லை. இந்தியாவில் 2022இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு விதிகள் இறுகிவிட்டன. வனத்துறையிடம் கேட்டு, இறக்குமதிக் காகிதத்தைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். விமானப் பயணிகளின் பைகளில் ஒளித்து வந்து சென்னையில் பிடிபட்ட உயிரினங்களில் லெப்பர்ட் கெக்கோவும் உண்டு. கீழே வருவது கனடா, பிரிட்டன், அமெரிக்கா மாதிரி சட்டப்படி வாங்க வழியுள்ள இடங்களில் இருப்பவர்களுக்கு.

லெப்பர்ட் கெக்கோ பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட நிலத்துப் பல்லி. விரலில் ஒட்டும் பட்டை இல்லாததால் கண்ணாடியில் ஏறாது. நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இல்லாத கண்ணிமை இதற்கு உண்டு. கிரெஸ்டெட் கெக்கோ நியூ கலிடோனியாவின் மரப்பல்லி. அழிந்துவிட்டதாக நினைத்திருந்த இனத்தை 1994இல் மறுபடி கண்டுபிடித்தார்கள். கண்ணுக்கு மேல் இமைமயிர் போன்ற முள்வரிசைதான் இதன் அடையாளம். அந்த முள் இல்லாமல் தலையில் புடைப்புகள் மட்டும் இருந்தால் அது கார்கோயில் கெக்கோ. லெப்பர்ட் என்று சொல்லி ஆப்பிரிக்கக் கொழுவால் கெக்கோவைக் காட்டுவதும் நடக்கும். அகலமான பழுப்புப் பட்டைகளையும், வெளிர் சாம்பலுக்குப் பதில் அடர்ந்த கண்ணையும் பார்த்தால் தெரிந்துவிடும். கொழுவாலில் மேற்கு ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து பிடித்து வந்தவை இன்னும் புழங்குகின்றன. வளர்ப்பில் பிறந்ததற்குப் பொரித்த தேதியும் பெற்றோர் படமும் இல்லையென்றால் தொடவேண்டாம்.

சூட்டில்தான் இரண்டும் பிரிகின்றன. லெப்பர்ட்டுக்குக் கூண்டின் ஒரு பக்கத் தரை 32, 33 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், மறுபக்கம் 25ஐ ஒட்டி. தெர்மோஸ்டாட் இல்லாத வெப்பப் பாய் வயிற்றைச் சுட்டுவிடும். கிரெஸ்டெட்டுக்கு 22 முதல் 26 போதும். 28ஐத் தாண்டினால் திணறும், 30இல் நெடுநேரம் இருந்தால் செத்தும் போகலாம். லண்டன் வீட்டில் அறைச்சூடே இதற்குப் போதுமானது. கோடையில் காற்று வராத மாடியறை என்றால் லெப்பர்ட்தான் ஒரே வழி. தீனியிலும் வித்தியாசம் உண்டு. கிரெஸ்டெட்டுக்குத் தண்ணீரில் குழைத்த பழத்தூள் உணவு வைத்தாலே வேலை பாதி முடிந்தது. லெப்பர்ட் அசையும் பூச்சியைத்தான் தின்னும். உயிரோடு கிரிக்கெட் எனும் சுவர்க்கோழிப் பூச்சி வாங்கி, அதற்கும் தீனி போட்டு, கால்சியம் தூளில் புரட்டிக் கொடுக்க வேண்டும்.

ஆணா பெட்டையா என்று பார்ப்பதில் லெப்பர்ட் எளிது. தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு அடியிலிருந்து பாருங்கள். ஆணுக்குக் கழிவுத் துளைக்கு மேலே கவிழ்ந்த V வடிவில் மெழுகு நிரம்பிய புள்ளிகள் வரிசையாக இருக்கும், துளைக்குக் கீழே இரண்டு புடைப்புகள். பெட்டைக்கு அந்த வரிசை மங்கலான குழிகளாகவே நிற்கும், புடைப்பு இருக்காது. ஐந்தாறு மாதத்தில் இது தெளிவாகிவிடும். கிரெஸ்டெட்டில் புடைப்பு தெரிய 15 கிராமாவது ஆக வேண்டும். அதற்கு முன் பூதக்கண்ணாடி வைத்துத் துளைக்கு முன்னுள்ள செதில்களின் நடுவே புள்ளி தேட வேண்டும். புள்ளி இருந்தால் ஆண். இல்லாததை வைத்துப் பெட்டை என்று முடிவுகட்ட முடியாது. அதனால் 8 கிராம் குட்டியை ‘பெண்’ விலைக்கு விற்பவரிடம், பின்னால் ஆண் என்று தெரிந்தால் மாற்றித் தருவதாக எழுதி வாங்குங்கள்.

லெப்பர்ட்டில் இன்னொரு சாதகம், முட்டை பொரிக்கும் சூடே ஆணா பெட்டையா என்பதைத் தீர்மானிக்கிறது. 26, 27 டிகிரியில் பெரும்பாலும் பெட்டை, 32ஐ ஒட்டி பெரும்பாலும் ஆண், நடுவில் கலவை. எத்தனை டிகிரியில் பொரித்தது என்று கேட்டதும் பதில் சொல்லத் தெரியாதவர் இனப்பெருக்கம் செய்பவர் அல்ல, இடைத்தரகர்.

மார்ஃப், அதாவது நிற வகை விஷயத்தில் லெப்பர்ட்டில்தான் ஏமாறுவது அதிகம். ஆல்பினோ என்றால் ஒன்றல்ல: ட்ரெம்பர், பெல், ரெயின்வாட்டர் என்று மூன்று தனித்தனி வம்சங்கள். ட்ரெம்பர் ஆணோடு பெல் பெட்டையைச் சேர்த்தால் குட்டிகள் சாதாரண நிறத்தில்தான் வரும், ஆனால் இரண்டு மரபணுவையும் சுமந்திருக்கும். அடுத்த தலைமுறையில் பிறக்கும் ஆல்பினோ எந்த வம்சம் என்று கண்ணால் பிரிக்க முடியாது. அதனால் வம்சப் பெயர் இல்லாத ஆல்பினோ எவ்வளவு அழகாக இருந்தாலும் இனப்பெருக்கத்துக்கு உதவாது. ‘66 சதவீத ஹெட்’ என்ற பேச்சையும் புரிந்துகொள்ள வேண்டும். ஹெட் என்றால் மரபணுவை ஒரு பிரதி சுமந்தும் வெளியே காட்டாத விலங்கு. ஹெட் ஜோடிக்குப் பிறந்த, சாதாரணமாகத் தெரியும் குட்டிகளில் மூன்றில் இரண்டு அந்த மரபணுவைச் சுமக்கும் என்பதுதான் அர்த்தம். உங்கள் கையிலுள்ளது அந்த மூன்றாவதாகவும் இருக்கலாம். அதற்கு முழு ஹெட் விலை கொடுக்கக் கூடாது.

லெப்பர்ட்டில் ஒதுக்க வேண்டிய மார்ஃப் இரண்டு: எனிக்மா, லெமன் ஃப்ராஸ்ட். எனிக்மாவில் நரம்புக் கோளாறு கூடவே வருகிறது. தலையைச் சாய்த்து அண்ணாந்து பார்க்கும், வட்டமடிக்கும், பூச்சியைக் குறி தவறிக் கவ்வும். லெமன் ஃப்ராஸ்ட் சுமப்பவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் தோல் நிறமிச் செல் கட்டி வருவதாக 2021இல் வந்த ஆய்வு காட்டியது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இவற்றை வாங்கிப் பெருக்குவது பாவம்.

கிரெஸ்டெட்டில் ஹார்லிக்வின், பின்ஸ்ட்ரைப் போன்ற மார்ஃப்கள் பல மரபணுக்கள் சேர்ந்து வருபவை. பெற்றோரைப் பார்த்து ஊகிக்கலாம், கணக்குப் போட முடியாது. லில்லி ஒயிட் போன்ற சில மட்டும் கணக்குக்குள் வரும். ஆனால் லில்லியோடு லில்லி சேர்த்தால் நாலில் ஒரு பங்கு இரட்டை மரபணு வாங்கி முட்டையிலேயோ பொரித்த உடனேயோ சாகும். ஒரு பக்கம் மட்டும் லில்லி போதும்.

இனி பெட்டையின் உடம்பு. லெப்பர்ட் பெட்டை குறைந்தது 45 கிராம், ஒரு வயதுக்கு மேல். வால் கழுத்தளவு தடித்திருக்க வேண்டும். கிரெஸ்டெட் பெட்டை 35 முதல் 40 கிராம், ஒன்றரை வயது. கிரெஸ்டெட்டின் வாயைத் திறக்கச் சொல்லி மேலண்ணத்தின் பின்பக்கம் பாருங்கள்: இரண்டு வெள்ளைப் பொட்டு தெரிந்தால் அவை கால்சியம் சேமிப்புப் பைகள். பொட்டே தெரியவில்லை என்றால் அந்தப் பெட்டையை இப்போது சேர்க்கக் கூடாது. நடுங்கும் கால், சுருளும் விரல் எல்லாம் கால்சியம் குறைவின் அடுத்த கட்டம். வால் இல்லாத கிரெஸ்டெட் நோயாளி அல்ல. அதற்கு வால் மறுபடி முளைக்காது, அவ்வளவுதான். பேரம் பேசி வாங்க நல்ல சாக்கு.

இரண்டும் தடவைக்கு இரண்டு முட்டை இடும். லெப்பர்ட் சில வார இடைவெளியில் பருவத்துக்கு நாலைந்து தடவை. கிரெஸ்டெட் மாதமொரு தடவையாக எட்டு மாதம் போனால் 16 முட்டை. ஒருமுறை இணைந்த பெட்டை விந்தைச் சேமித்து, ஆணைப் பிரித்த பின்னும் கருவுற்ற முட்டை இடும். ‘இணையாதது’ என்று வாங்கிய வளர்ந்த பெட்டை முட்டையிட்டால் ஆச்சரியப்படாதீர்கள், தந்தை யார் என்றுதான் தெரியாது. 16 குட்டிக்கும் தனித்தனிப் பெட்டியும், ஒழுங்கான வீடும் கிடைக்குமா என்பதை ஜோடி சேர்க்குமுன் எண்ணிவிடுங்கள்.

இடமும் சூடும் இரண்டுக்கும் ஒத்துவந்தால் முதல் ஜோடிக்கு லெப்பர்ட்டே மேல்: ஆணா பெட்டையா என்பது தெளிவு, மரபணு தெளிவு. அதற்கு ஒரே பெரிய பயம் கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி. தின்னும், ஆனால் வால் குச்சியாகிக்கொண்டே போகும். ஒருமுறை நெகட்டிவ் வந்தாலும் நம்ப முடியாது, கிருமி விட்டு விட்டுத்தான் மலத்தில் வெளிவரும். பிளீச்சுக்கும் அது சாகாது. எனவே புதிதாக வந்ததை 90 நாள் தனியறையில், காகிதத் துண்டு விரிப்பில், தனி இடுக்கியோடு வைத்து, வாரம் ஒருமுறை எடையைக் குறியுங்கள். இடையில் ஓரிரு முறை மலத்தைப் பிசிஆர் சோதனைக்கு அனுப்புங்கள். பழைய விலங்குகளை முதலில் கவனித்து, புதியதைக் கடைசியில் தொடுங்கள்.