கை நீளம் போதாது: ஒரே ஃபோனில் சில வருட செல்ஃபி அனுபவம்

செல்ஃபிக்கு நல்ல ஃபோன் வேண்டும் என்று கடையில் போய்க் கேட்டால் முதலில் காதில் விழுவது மெகாபிக்சல் கணக்குதான். என்னிடம் இருப்பது 20,000 ரூபாய்க்குள் வாங்கியது, முன்பக்கம் 32 மெகாபிக்சல். கல்யாணம், காதுகுத்து, ஆபீஸ் டூர், ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடி என்று சில வருடங்களாக அது ஒன்றிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எந்த கம்பெனி என்பது இங்கே வேண்டாம். நான் சொல்லப்போவது அந்த விலையில் கிடைக்கும் எந்த ஃபோனுக்கும் ஏறக்குறையப் பொருந்தும். படம் தேறுவதும் தேறாததும் ஃபோனை எவ்வளவு தள்ளி வைக்கிறோம், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்ற இரண்டில்தான் இருக்கிறது. மெகாபிக்சல் எல்லாம் அதற்கு அப்புறம்.

அந்த 32-ஐயும் அப்படியே நம்ப வேண்டாம். இத்தகைய ஃபோன்களில் பெரும்பாலானவை நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 8 மெகாபிக்சல் படமாகத்தான் சேமிக்கின்றன. அது குறை இல்லை. மங்கிய வெளிச்சத்தில் புள்ளி புள்ளியாக வராமல் இருக்க அதுதான் உதவுகிறது.

சரி, தூரம். செல்ஃபியில் மூக்கு பெருத்துத் தெரிகிறது என்று புலம்பாத ஆளை நான் பார்த்ததில்லை. லென்ஸ் மேல் பழி போடுவோம், ஆனால் காரணம் எளிய கணக்கு. மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே 10 செ.மீ.க்கு மேல் இருக்கிறது. ஃபோனை மூக்கிலிருந்து 30 செ.மீ.யில் பிடித்தால் காது 40 செ.மீ.யில் இருக்கும், அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தூரம். அதனால் காது சிறுத்து மூக்கு முன்னால் வந்து நிற்கும். அதே ஃபோனை ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தால் 150-க்கு 160 என்று ஆகிவிடும், வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 2018-இல் அமெரிக்க முகச் சீரமைப்பு மருத்துவ இதழ் ஒன்றில் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். 12 அங்குலத்தில் எடுத்தால் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது, 5 அடியில் அந்தத் திரிபு இல்லை. செல்ஃபியைக் காட்டி மூக்கைச் சின்னதாக்கச் சொல்லி வருகிறவர்களுக்குப் பதில் சொல்லத்தான் அந்த ஆய்வே.

எனக்கு இதைப் புரியவைத்தது அந்த இதழ் இல்லை, அக்கா மகள். “மாமா, ஃபோனை முழுசா நீட்டிப் பிடிங்க, அப்புறம் வெட்டிக்கலாம்” என்றாள். அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 8 மெகாபிக்சல் படம் ஏறக்குறைய 3,200 பிக்சல் அகலம். பாதியாக வெட்டினாலும் 1,600 மிஞ்சும். இன்ஸ்டாகிராமுக்கு 1,080 போதும். ஆகவே முகம் திரையை நிரப்ப வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். முகம் திரையில் சின்னதாகத் தெரியட்டும்.

கை நீளம் என்பது எனக்கு 60 செ.மீ.க்குள் முடிந்துவிடுகிறது. அதற்குமேல் வேண்டுமென்றால் செல்ஃபி ஸ்டிக். முதலில் வாங்கியது தெருவோரக் கடை சரக்கு, ஃபோனைக் கவ்வும் ஸ்பிரிங் சில மாதத்தில் தளர்ந்துவிட்டது. இரண்டாவதாக, அடியில் மூன்று கால் விரியும் ரகமாகப் பார்த்து வாங்கினேன். இதை நான் கையில் பிடிப்பதே அபூர்வம்; ஜன்னல் திட்டிலோ பைக் சீட்டிலோ நிறுத்திவிட்டு, கழற்றி எடுக்கும் குட்டி ரிமோட்டால் கிளிக் செய்கிறேன். ஒரு சங்கதி: இந்த ரிமோட்டுகள் பெரும்பாலும் ஃபோனின் வால்யூம் பட்டனைப் போலத்தான் நடிக்கின்றன. கேமரா செட்டிங்கில் வால்யூம் பட்டன் ‘ஜூம்’ என்று இருந்தால், ரிமோட்டை அழுத்தும்போதெல்லாம் படம் எடுக்காமல் பெரிதாகிக்கொண்டே போகும். ரிமோட் பழுது என்று திருப்பி அனுப்புவதற்கு முன்னால் அந்த செட்டிங்கை ஒருமுறை பாருங்கள். ரிமோட் இல்லாதவர்களுக்கு டைமர் இருக்கிறது. சாம்சங் உள்ளிட்ட சில ஃபோன்களில் உள்ளங்கையைக் காட்டினாலே எடுத்துக்கொள்ளும்.

வெளிச்சத்தில் நம் ஊருக்கென்று ஒரு தொந்தரவு உண்டு. காலை பத்து மணிக்கெல்லாம் சூரியன் தலைக்குமேல் ஏறிவிடும். அந்த நேரத்தில் வெட்டவெளியில் எடுத்தால் கண்குழி இரண்டும் கறுத்து, மூக்கின் நிழல் மேலுதட்டில் மீசையாக விழும். நான் கண்ட சிறந்த இடம் எங்கள் வீட்டு வாசற்படிக்கு ஓரடி உள்ளே, தெருவைப் பார்த்த மாதிரி. நேர் வெயில் மேலே படாது, ஆனால் முன்னால் இருக்கும் வானம் முழுக்க முகத்தில் விழும். பின்னால் வீட்டுக்குள் இருட்டாக இருப்பதால் முகம் தனியாக எடுப்பாகத் தெரியும். மடியில் வெள்ளை வேட்டி இருந்தால் இன்னும் நல்லது, கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பித் தாடைக்கடியிலுள்ள நிழலைக் குறைக்கும். இதற்குப் பக்கத்தில்கூட ரிங் லைட் வராது. வாங்கி வைத்திருக்கிறேன், ஆன்லைன் மீட்டிங்குக்கு ஆகிறது. கண்மணியில் வெள்ளை வளையம் விழுவதும், மூக்குக்கண்ணாடியில் இரண்டு வளையம் விழுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடி போடுகிறவர்கள் வெளிச்சத்தைப் பக்கவாட்டுக்கு மாற்றி, தாடையைக் கொஞ்சம் இறக்கினால் பளபளப்பு போய்விடும்.

கல்யாண மண்டபம் வேறு கதை. மேடைக்குப் பின்னால் எல்.ஈ.டி. அலங்காரம் எரியும்போது படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கின்றன. கேமரா அதைவிட வேகமாகத் திறந்து மூடினால் பட்டை விழுந்துவிடும். அந்த அலங்காரத்தை விட்டுக் கொஞ்சம் விலகி, வீடியோக்காரர் தன் லைட்டைப் போடும் நேரம் பார்த்து அவர் பக்கம் திரும்பி நின்று எடுத்துக்கொள்வேன். ஓசி லைட், யாருக்கும் நஷ்டமில்லை.

இனி எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தரும் விஷயம், பியூட்டி மோடு. பெட்டியிலிருந்து எடுத்த அன்றே அது ஓடிக்கொண்டிருந்தது. தோலை வழவழப்பாக்குவதோடு நிற்பதில்லை, நிறத்தையும் ஏற்றுகிறது. என் மாநிற முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வந்தது. அப்பாவோடு எடுத்த ஒரு படத்தில் அவர் நெற்றித் திருநீற்றின் ஓரங்கள் தோலோடு கரைந்து, மூன்று கோடுகள் ஒரு வெளிறிய திட்டாகிவிட்டன. கன்னத்திலுள்ள அம்மைத் தழும்பையும் காணோம். அந்தத் தழும்பில்லாமல் அது அப்பாவே இல்லை. அன்று தேடிப்பிடித்து எல்லா அளவையும் பூஜ்ஜியத்துக்கு இறக்கினேன். தோல் மென்மை, முக மெலிவு, கண் அளவு, நிறம் என்று நான்கும் தனித்தனியாக இருந்தன. ஆனால் பெரிய சிஸ்டம் அப்டேட் வந்த பிறகு பார்த்தால் பழையபடி ஏறி உட்கார்ந்திருக்கும். இப்போது அப்டேட் முடிந்ததும் முதல் வேலையே அதைச் சோதிப்பதுதான்.

இது என் ஃபோனின் குணம் மட்டுமல்ல. 2018-இல் ஐஃபோன் எக்ஸ்.எஸ். வந்தபோது செல்ஃபியில் தோல் மழுமழுவென்று இருக்கிறது என்று பெரிய சர்ச்சை ஆனது. ஆப்பிள் அதை மென்பொருள் பிழை என்று சொல்லி 12.1 அப்டேட்டில் சரிசெய்தது. 2020-இல் கூகுள் தன் புதிய பிக்சல் ஃபோன்களில் முகத் திருத்தத்தை, நாமாகப் போட்டால் ஒழிய ஓடாதபடி வைத்தது. அடுத்த வருடம் பிக்சல் 6-இல் ‘ரியல் டோன்’ என்று கறுத்த, மாநிறத் தோல்களை உள்ளபடி காட்டுவதற்கென்றே வேலை செய்தார்கள். ஆக, மனது வைத்தால் முடிகிறது. நம் சந்தைக்கு வருவதில் மட்டும் ஏன் இந்த வெளுப்பு என்று கேட்டால், விற்கிறது, அதனால்தான். மற்ற ஃபோன் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யலாம்: திரையில் முகத்தைத் தொட்டதும் வரும் சின்னச் சூரியனைக் கொஞ்சம் கீழே இழுங்கள். நம் நிறத்தைக் கேமரா தேவைக்குமேல் வெளுக்கப் பார்க்கும்போது அது போதும்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. ஃபோன் பேசும்போது கன்னத்து எண்ணெயும் வியர்வையும் முன்பக்க லென்ஸில் ஒட்டிக்கொள்கின்றன. விளக்குகளைச் சுற்றி மூட்டமாகத் தெரிந்தால் முதலில் துணியால் துடையுங்கள். துடைத்தும் போகவில்லையென்றால் டெம்பர்டு கிளாஸ் காரணமாக இருக்கலாம். என்னுடையதில் லென்ஸுக்கு மேல் ஓடிய பகுதியில் கோடு விழுந்திருந்தது. கேமராவுக்கு ஓட்டை விட்ட கிளாஸாக மாற்றியதும் படம் பளிச்சென்று ஆனது.

கண்ணாடி மாதிரி இடம்வலம் மாறிச் சேமிப்பதையும் நிறுத்திவிட்டேன். மாறினால் பின்னால் நிற்கும் பஸ்ஸின் போர்டு எழுத்து இடம்வலமாகத் திரும்பிவிடும், சேலை முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். நிறுத்தினால் வீட்டில் ‘என் முகம் கோணலா இருக்கே’ என்பார்கள். தினமும் கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம் வேறு, மற்றவர்கள் பார்க்கும் முகம் வேறு, பழகிவிடும்.

போர்ட்ரெய்ட் மோடு ஒற்றை ஆளுக்கு, அடங்கி வாரிய தலைக்குச் சரி. மல்லிகைச் சரம் வைத்த தலையில் போட்டால் பூவில் பாதியைப் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடுகிறது. விசேஷ வீட்டில் நான் அதைத் தொடுவதேயில்லை. கூட்டமாக எடுக்கும்போது ஓரத்தில் நிற்பவரின் தலை இழுபடும், அதனால் பருமனானவர்களை நடுவில் விட்டு ஒல்லியானவர்களை ஓரத்தில் நிறுத்துவது எங்கள் வீட்டு வழக்கம். ஃபோனைப் படுக்கைவசமாகத் திருப்பினால் லென்ஸ் ஒரு பக்கம் போய்விடுவதை யாராவது முன்கூட்டியே சத்தமாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை பேரும் திரையின் நடுவைப் பார்ப்பார்கள்.

எங்கே எடுக்கக்கூடாது என்பதற்கு எனக்கு நீண்ட பட்டியல் கிடையாது. கோயில்களில் ஃபோனுக்கே தடை விதிக்கச் சொல்லி 2022 இறுதியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. திருச்செந்தூர் வழக்கில் ஆரம்பித்தது அது. தண்டவாளத்தில் இறங்கி நின்று எடுப்பது ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறல், 6 மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. படம் எடுப்பவருக்கு வண்டி எவ்வளவு கிட்ட வந்துவிட்டது என்று திரையில் தெரியாது, அந்தச் சின்ன லென்ஸ் எல்லாவற்றையும் தூரமாகத்தான் காட்டும்.

அடுத்த ஃபோன் வாங்கும்போது முன்பக்கம் எத்தனை மெகாபிக்சல் என்று பார்க்கப்போவதில்லை, ஆட்டோஃபோகஸ் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். இந்த விலை ஃபோன்கள் பலவற்றில் முன்பக்க ஃபோகஸ் ஒரே தூரத்தில் பூட்டப்பட்டிருக்கும். ஐஃபோனிலேயே 2022-இல் வந்த 14 வரிசையில்தான் அது மாறியது. விற்பவரைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ‘இருக்கு சார்’ என்பார். கடையிலேயே முன்பக்கக் கேமராவைத் திறந்து, உள்ளங்கையை ஒரு சாண் தூரத்தில் காட்டி அதன்மேல் தொடுங்கள். ரேகை தெளிவாகி, பின்னாலிருக்கும் விளம்பரத் தட்டி மங்கினால் ஆட்டோஃபோகஸ் இருக்கிறது. இரண்டும் அசையாமல் அப்படியே இருந்தால் இல்லை.