கோழிப்பண்ணையில் பெட்ரோல் பிரஷர் வாஷர்: ஆயில் மாற்றிப் பார்த்த அனுபவம்

தண்ணீரை அழுத்தத்தோடு பீச்சிக் கழுவுகிற பெட்ரோல் பிரஷர் வாஷர் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், எத்தனை பார் அழுத்தம், எத்தனை ஹெச்.பி. என்று நான் ஆரம்பிப்பதில்லை. குனிந்து பம்பைப் பாருங்கள், ஆயில் அளவு தெரிகிற கண்ணாடியும் ஆயில் வடிக்கிற போல்ட்டும் இருக்கிறதா என்று பாருங்கள் என்பேன். விலை குறைந்த மெஷின்கள் சிலவற்றில் பம்பை நிரந்தரமாக மூடியே அனுப்புகிறார்கள். ‘பராமரிப்பே தேவையில்லை’ என்று அட்டையில் போட்டிருக்கும். கெட்டால் பம்பையே மாற்ற வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

எங்களுடையது பல்லடம் பக்கம் பிராய்லர் பண்ணை. கோழிகளை லோடு ஏற்றி அனுப்பியதும், தரையில் எச்சத்தோடு கிடக்கிற படுக்கைக் கழிவை அள்ளிவிட்டு, தரை, பக்கவலை, டிரிங்கர், ஃபீடர் எல்லாம் கழுவி, மருந்தடித்து, காயவிட்டு, அப்புறம்தான் அடுத்த குஞ்சு இறக்குவோம். கடைசி ஷெட் வரை கரன்ட் இழுத்து, ஈரத்தரையில் ஒயரைப் போட்டுக்கொண்டு வேலை பார்க்க யாருக்கும் மனசில்லை. அதனால் பெட்ரோல் மெஷின். ஹோண்டா ஜிஎக்ஸ்200 என்ஜின், 196 சிசி. பித்தளைத் தலை வைத்த மூன்று பிளஞ்சர் (தண்ணீரைத் தள்ளுகிற தண்டு) பம்ப். 180 பார், நிமிடத்துக்கு 12 லிட்டர். சில வருடங்களாக ஓடுகிறது; என்ஜினில் இதுவரை குறை ஒன்றும் இல்லை.

என்ஜின் ஆயிலுக்குக் கையேட்டில் உள்ள கணக்கு இது: முதல் தடவை 20 மணி நேரம் அல்லது ஒரு மாதம், அப்புறம் 100 மணி நேரம் அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அது. பைக் மாதிரி கிலோமீட்டர் காட்ட இதில் எதுவும் கிடையாது. ஸ்பார்க் பிளக் ஒயரில் சுற்றிவிடுகிற சின்ன மணி மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்கி மாட்டிவிடுங்கள். 100 மணி நேரம் என்பது கேட்பதற்குத்தான் அதிகம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகிற பைக்குக்கு அது 4,000 கி.மீ. ஓட்டம். அதுவும் இந்த என்ஜின் எப்போதும் முழு திராட்டிலில் ஓடுவது, காற்றில் மட்டும் குளிர்வது, ஆயில் ஃபில்டரே இல்லாதது. உள்ளே சுற்றுகிற பாகம் ஆயிலை அள்ளித் தெளிப்பதுதான் மொத்த மசகும். இருக்கிற அரை லிட்டர் சொச்சம் ஆயில் சீக்கிரம் கறுக்காமல் என்ன செய்யும்?

எங்கள் மாதிரி பண்ணையில் ஒரு பேட்ச் கோழி வளர்ந்து முடியும் வரை மெஷின் சும்மா நிற்கும், பிறகு இரண்டு மூன்று நாள் காலை முதல் மாலை வரை ஓடும். அடுத்த வேலை ஆரம்பிக்கும்போது ஆயில் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் பலரும் விடுகிறார்கள். நான் கழுவி முடித்த அன்றைக்கே மாற்றுவேன். பழைய ஆயிலில் ஈரமும் எரிபொருள் எரிந்த அமிலமும் இருக்கும். அதோடு ஒரு மாதத்துக்கு மேல் என்ஜினை ஏன் நிறுத்தி வைக்க வேண்டும்? அன்றைக்கு என்ஜின் சூடாக இருப்பதால் ஆயிலும் தண்ணியாக, அடியில் கிடக்கிற கசடோடு சேர்ந்து இறங்கிவிடும். கை சுடாத அளவுக்கு ஆறவிட்டால் போதும்.

எரிச்சல் வருவது வடிக்கும்போதுதான். ஜிஎக்ஸ்200-ல் இரண்டு பக்கமும் வடிகால் போல்ட் உண்டு, ஆனால் மெஷினைக் கோர்த்தவர்கள் ஃபிரேமை எங்கே வெல்டு வைத்தார்களோ அதைப் பொறுத்துத்தான் ஸ்பேனர் போகும். என் மெஷினில் போல்ட்டுக்கு நேர் கீழே அடித்தகடு. திறந்தால் ஆயில் தகடு முழுக்கப் பரவி, டயரில் இறங்கி, தரைக்கு வரும். சமையல் எண்ணெய் கேன் ஒன்றை நீளவாக்கில் வெட்டி, போல்ட்டுக்கு அடியில் ஓடை மாதிரி செருகி வைப்பேன். எதிர்ப்பக்கம் ஒரு செங்கல் கொடுத்துத் தூக்கினால் மிச்சமும் வந்துவிடும். ஏர் ஃபில்டர் பக்கம் மட்டும் சாய்க்கக் கூடாது. திரும்பப் போடும்போது போல்ட் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். அலுமினிய உடம்பு என்பதால் ஸ்பேனரில் தொங்காதீர்கள், மரை போய்விடும்.

ஊற்ற வேண்டியது 10டபிள்யூ-30 ரக ஆயில், 600 மில்லி. பைக் கடையில் கிடைக்கிற 4டி (ஃபோர் ஸ்ட்ரோக்) ஆயிலே போதும், ஐந்நூறு ரூபாய்க்குள் வேலை முடிந்துவிடும். ‘நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது’ என்று கடையில் 20டபிள்யூ-50-ஐ எடுத்து நீட்டுவார்கள். கையேடு சொல்வதை விட்டு நான் போனதில்லை. அளவு பார்க்க மெஷின் சமதளத்தில் நிற்க வேண்டும். டிப்ஸ்டிக்கை (அளவு பார்க்கிற குச்சியை) மரையில் திருகாமல் சும்மா விட்டு எடுக்க வேண்டும். ஆயில் ஊற்றுகிற வாயின் விளிம்பு வரை நின்றால் சரி.

பாட்டிலில் முந்நூறு, நானூறு மில்லி மிச்சம் இருக்கும். அதைப் பம்பில் ஊற்றக் கை வரும். கூடாது.

பம்புக்குத் தனி ஆயில். டிடர்ஜென்ட் சேர்க்காத எஸ்ஏஇ 30, வாஷர் ஸ்பேர் கடைகளில் ‘பம்ப் ஆயில்’ என்று கேட்டாலே கொடுப்பார்கள். பைக் ஆயிலில் சேர்த்திருக்கும் டிடர்ஜென்ட் அழுக்கைத் தன்னோடு மிதக்கவைக்கும். தண்ணீர் கசிந்தால் அதையும் கலக்கி வைத்துக்கொள்ளும். டிடர்ஜென்ட் இல்லாத ஆயிலில் தண்ணீர் பிரிந்து அடியில் நிற்கும். இந்த வகைப் பம்புகளுக்கு வழக்கமான கணக்கு, முதலில் 50 மணி நேரத்தில், பிறகு 500 மணி நேரத்துக்கு ஒருமுறை. எங்கள் ஓட்டத்துக்கு 500 மணி வர வருடக்கணக்கில் ஆகும் என்பதால் நான் வருடம் ஒருமுறை மாற்றிவிடுகிறேன். கண்ணாடியின் நடுப்புள்ளி வரை ஆயில் நின்றால் போதும். என்ஜினுக்கும் பம்புக்கும் நடுவே கியர்பாக்ஸ் உள்ள மெஷின் என்றால் அதற்கும் ஓர் ஆயில் உண்டு, மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. பம்பின் மேல் லாரியில் வரும்போது சிந்தாமல் இருக்க ஒரு அடைப்பு மூடி போட்டிருப்பார்கள். ஓட்டுவதற்கு முன் அதைக் கழற்றி, மூச்சுவிடும் துளை உள்ள மூடியைப் போட வேண்டும். எங்களுக்கு டெலிவரி கொடுக்க வந்தவர் அதை மாற்றாமலே ஸ்டார்ட் செய்து காட்டப் போனார். அப்படியே ஓடினால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, சீல் வழியாக ஆயில் கசியும்.

இடையில் ஒருமுறை கண்ணாடியில் ஆயில் வெளுத்துப் பால் நிறமானது. மாற்றினோம், அடுத்த கழுவலிலேயே மறுபடி வெளுத்தது. அப்படியானால் ஆயிலில் குறை இல்லை, பிளஞ்சர் சீல் போய்விட்டது என்று அர்த்தம். சீல் கிட் மாற்றிய மெக்கானிக் இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, போர் தண்ணீரில் வருகிற மணல். இன்னொன்று, தண்ணீர் பீச்சுகிற கன்னை மூடிவிட்டு என்ஜினை ஓடவிட்டபடியே ஆட்கள் டீ குடிக்கப் போவது. அப்போது அதே தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடேறும். 60 டிகிரி வாக்கில் ஒரு வால்வு திறந்து சுடுதண்ணீரை வெளியே விடும். அதற்குள் சீல் வெந்திருக்கும். இப்போது நுழைவாயில் ஃபில்டர் மாட்டியாயிற்று; கன்னைக் கீழே வைத்தால் என்ஜினை நிறுத்திவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லியாயிற்று. பம்ப் ஆயில் அதன் பிறகு தெளிவாகவே இருக்கிறது.

என்ஜின் ஆயில் அளவு தானாக ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் அது வேறு கதை: பெட்ரோல் டேப்பை மூடாமல் மெஷினை டெம்போவில் ஏற்றிக் குலுக்கியிருப்பார்கள், கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோல் உள்ளே இறங்கியிருக்கும். அந்த ஆயிலோடு ஸ்டார்ட் செய்யாமல், உடனே வடித்து மாற்றுங்கள்.

வடித்த ஆயிலைக் கரையானுக்கு என்று வேலிக்காலில் பூசுகிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. எங்கள் கிணறு இருபதடி தள்ளி இருப்பதால் நான் கேனில் சேர்த்து டூவீலர் ஒர்க்‌ஷாப் டிரம்மில் ஊற்றிவிடுகிறேன். அவர்களிடம் வாங்கிப்போக ஆள் வருகிறது.