எட்டே எட்டு உருவகிப்புகள்: பி-ஆடிக் குலங்களை வகைப்படுத்தும் மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

பி-ஆடிக் குலம் (பகா எண் பி-யைச் சார்ந்த பி-ஆடிக் எண்களால் ஆன அணிகளின் குலம்) ஒன்றின் உருவகிப்பு என்பது அதன் உறுப்புகளை நேரியல் மாற்றங்களாகக் காட்டுவது. பகா உருவகிப்புகளை, அதாவது மேலும் உடைக்க முடியாதவற்றை, பட்டியலிட மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: பெர்ன்ஸ்டைனும் ஸெலெவின்ஸ்கியும் தந்த துண்டுகள், புஷ்னெல்–குட்ஸ்கோ, யூ வழியில் வந்த டைப்புகள், லாங்லாண்ட்ஸ் அளபுருக்கள். எடுத்த எடுப்பிலேயே மூன்றாவதற்குத் தாவுபவர்கள் நிறைய. டைப்பில் தொடங்குவதே சரி என்பது எங்கள் முடிவு. கையால் எண்ணிப் பார்த்தால் காரணம் தெரியும்.

துண்டுகள்

ஜிஎல்(என்)-க்கு, அதாவது நேர்மாறு உள்ள என்×என் அணிகளின் குலத்துக்கு, 1980-இல் ஸெலெவின்ஸ்கி தந்த விடை இது. சிறிய குலத்திலிருந்து பரபோலிக் தூண்டலால் கிடைக்காதவை கஸ்பிடல்கள். ஒரு கஸ்பிடலை எடுத்து, அணிக்கோவையின் தனிமதிப்பால் திரும்பத் திரும்பப் பெருக்கி வரிசையாக அடுக்கினால் அது ஒரு துண்டு. துண்டுகளின் தொகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு பகா உருவகிப்பு. விடுபடுவது எதுவும் இல்லை. ஜிஎல்3-இல் 0, 1, 2 என்ற மூன்று படிகளை எடுத்தால் நான்கு தொகுதிகள் வரும்: [0,1,2], [0,1] உடன் [2], [0] உடன் [1,2], மூன்றும் தனித்தனி.

தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஸெலெவின்ஸ்கி மரபில் [0,1,2] என்ற முழுத் துண்டு ஒரு பரிமாண உருவகிப்பு. லாங்லாண்ட்ஸ் மரபில் அதே துண்டு ஸ்டைன்பெர்க் என்ற முடிவிலாப் பரிமாண உருவகிப்பு. எந்த மரபு என்று பார்க்காமல் இரண்டு கட்டுரைகளின் அட்டவணைகளைச் சேர்த்தால் எல்லாம் தலைகீழாகும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற மெக்லன்–வால்ட்ஸ்புர்கர் 1986-இல் தந்த செய்முறை போதும். மிகப் பெரிய முடிவெண் கொண்ட துண்டை எடுக்க வேண்டும். அப்படிப் பல இருந்தால் மிகக் குட்டையானதை. பிறகு முடிவெண் ஒன்று குறைந்து, தொடக்கமும் அதற்கு முன்னால் உள்ள துண்டைத் தேட வேண்டும். இப்படியே கீழே இறங்க வேண்டும். கிடைத்த முடிவெண்கள் புதிய துண்டாகும். எடுத்த துண்டுகளின் கடைசி எண்ணை வெட்டிவிட்டு மறுபடி தொடங்கலாம். [0] உடன் [1,2]-இல் செய்தால் முதலில் 2 மட்டும் வரும், மிச்சம் [0], [1]; அடுத்த சுற்றில் [0,1]. விடை [0,1] உடன் [2].

இந்த வழியின் குறை: கஸ்பிடல்கள் எங்கிருந்து வருகின்றன என்று அது சொல்வதில்லை, அவற்றைக் கொடுக்கப்பட்டதாகவே எடுத்துக்கொள்கிறது. ஜிஎல்லை விட்டு வெளியே வந்தால் தூண்டல் வேறு இடங்களிலும் உடையும். பி ஒற்றையானால் எஸ்எல்2-இல் (அணிக்கோவை 1 உள்ள 2×2 அணிகளின் குலம்) மூன்று இருபடிக் கேரக்டர்களிலிருந்து (ஒரு பரிமாண உருவகிப்புகள்) தூண்டியவையும் ஆளுக்கு இரண்டாகப் பிளக்கும். துண்டுகளின் மொழியில் இதைச் சொல்ல இடமில்லை.

டைப்புகள்

பெரிய குலத்தை விட்டுவிட்டு, ஒரு கச்சிதத் திறந்த உட்குலத்தையும் அதன் முடிவுறு பரிமாண உருவகிப்பு ஒன்றையும் பிடிப்பதுதான் டைப். 5-ஆடிக் எண்களின் மேல் எஸ்எல்2-ஐ எடுப்போம். அதன் ப்ரூஹா–டிட்ஸ் பில்டிங், அதாவது குலம் செயல்படும் வடிவியல் வெளி, ஒரு மரம். ஒவ்வொரு முனைக்கும் 6 அண்டை முனைகள், முனைகளில் இரண்டு வகை. ஒரு முனையை அசைக்காத உட்குலத்தை 5-ஆல் வகுத்த மீதிக்குக் கொண்டுவந்தால் 120 உறுப்புகள் கொண்ட எஸ்எல்2 கிடைக்கும். அதன் பகா உருவகிப்புகளின் பரிமாணங்கள் 1, 2, 2, 3, 3, 4, 4, 5, 6. வர்க்கங்களைக் கூட்டினால் 120. இதில் கஸ்பிடல்கள் நான்கு: பரிமாணம் 4 உள்ள இரண்டு, 2 உள்ள இரண்டு. ஒவ்வொன்றையும் முழுக் குலத்துக்குக் கச்சிதத் தூண்டல் செய்தால் பகா உருவகிப்பு கிடைக்கும். முனை வகை இரண்டு என்பதால் மொத்தம் 8. ஆழம் பூஜ்ஜியத்தில் உள்ள, அதாவது இப்படி 5-இன் மீதியிலிருந்தே வரும், சூப்பர்கஸ்பிடல்கள் (பி-ஆடிக் குலத்தின் கஸ்பிடல்கள்) இவ்வளவுதான், ஒன்றும் கூடாது, குறையாது.

கஸ்பிடல் அல்லாத பக்கத்தில் டைப் ஒரு ஹெக்கே இயற்கணிதத்தை, அதாவது அந்த டைப்பைக் கொண்ட உருவகிப்புகளைத் தன் மாட்யூல்களாகக் காட்டும் இயற்கணிதத்தை, கையில் தருகிறது. இவாஹோரி உட்குலத்துக்கு (5-இன் மீதியில் மேல் முக்கோணமாகும் அணிகள்) அதன் பிறப்பாக்கி டி நிறைவு செய்யும் சமன்பாட்டின் தீர்வுகள் 5, −1. டி = 5 என்றால் ஒரு பரிமாண உருவகிப்பு, −1 என்றால் ஸ்டைன்பெர்க்.

ஆழம் பூஜ்ஜியத்தைத் தாண்டினால் மோய்–பிரசாத் வடிகட்டல், அதாவது உட்குலங்களை ஆழப்படி அடுக்கும் வரிசை, வேண்டும். இதில் கோபால் பிரசாத்தின் பங்கு பெரியது. 2001-இல் யூ தந்த கட்டமைப்பில் முறுக்கிய லெவி உட்குலங்களின் ஏறுவரிசை, பில்டிங்கில் ஒரு புள்ளி, ஏறும் ஆழங்கள், பொதுமைக் கேரக்டர்கள், ஆழம் பூஜ்ஜிய உருவகிப்பு என்று தரவைத் திரட்ட வேண்டும். பி எண் வைல் குலத்தின் (குலத்தோடு வரும் முடிவுறு சமச்சீர்க் குலம்) வரிசையை, அதாவது உறுப்புகளின் எண்ணிக்கையை, வகுக்காவிட்டால் சூப்பர்கஸ்பிடல்கள் அனைத்தும் இதில் அடங்கும் என்று 2021-இல் ஃபின்ட்ஸன் நிறுவினார். மிகப் பெரிய விதிவிலக்குக் குலமான இ8-இல் அந்த வரிசை 69,67,29,600. வகுக்கும் பகா எண்கள் 2, 3, 5, 7. ஆகவே பி 11-லிருந்து கவலையில்லை. ஜிஎல்(என்)-க்கு 1993-இல் வந்த புஷ்னெல்–குட்ஸ்கோ வழியில் பி மீது நிபந்தனையே கிடையாது.

யூவின் மூல நிரூபணத்தை அப்படியே மேற்கோள் காட்டுவதில் ஆபத்து உண்டு. அது சார்ந்திருந்த பழைய கூற்று ஒன்று அச்சுப்பிழையால் தவறாகியிருந்தது. கட்டமைப்பு தப்பியது, இடைக் கூற்றுகள் சில தப்பவில்லை. ஃபின்ட்ஸன், கலேதா, ஸ்பைஸ் மூவரும் சேர்த்த இருபடிக் கேரக்டர் திருத்தத்தோடு பயன்படுத்துவதே பாதுகாப்பு.

அளபுருக்கள்

இங்கே பட்டியல் கால்வா பக்கத்தில், அதாவது கள விரிவுகளின் சமச்சீர்களின் மொழியில், எழுதப்படுகிறது. ஜிஎல்(என்)-க்கு ஹாரிஸ்–டெய்லர், ஹென்னியார், பிறகு 2013-இல் ஷோல்ட்ஸே. சிம்ப்ளெக்டிக், செங்குத்துக் குலங்களுக்கு ஆர்தர். எண்கோட்பாட்டிலிருந்து வருபவருக்கு வேண்டியது இதுவே. ஆனால் ஜிஎல்லுக்கு வெளியே ஓர் அளபுருவுக்கு ஓர் உருவகிப்பு அல்ல, ஒரு பாக்கெட்.

நமது எட்டையும் பிரித்துப் பார்ப்போம். எஸ்எல்2-இன் பாக்கெட் என்பது ஜிஎல்2-ஆல் இணையாக்கினால் ஒன்று மற்றொன்றாகும் கூட்டம். மூலைவிட்ட அணி (5, 1) முனை வகைகளை மாற்றும். (2, 1) பரிமாணம் 2 உள்ள இரண்டையும் இடம் மாற்றும், ஏனெனில் 5-இன் மீதிகளில் 2 வர்க்கம் அல்ல. எனவே பரிமாணம் 4 உள்ளவை இரண்டிரண்டாக இரு பாக்கெட்டுகள், பரிமாணம் 2 உள்ள நான்கும் ஒரே பாக்கெட். அந்த நான்கின் அளபுரு 2, 5, 10 ஆகியவற்றின் வர்க்கமூலங்கள் தரும் மூன்று இருபடி விரிவுகளையும் சேர்த்த களத்திலிருந்து வருகிறது. பரிமாணத்தைப் பாக்கெட் அளவால் பெருக்கினால் 4×2 = 2×4 = 8. அளபுருவிலிருந்து உருவகிப்பின் அளவைக் கணிக்கும் ஹிராகா–இச்சினோ–இகேடா கருதுகோள் எதிர்பார்ப்பதும் இந்தச் சமத்தைத்தான். டைப்புகள் கையில் இருப்பதால் இதை நேரடியாகச் சரிபார்க்க முடிகிறது.

ஜிஎல்2-இல் அடிக்கடி நேரும் பிழை ஒன்று. கிளையாத (5 பகா உறுப்பாகவே நிற்கும்) இருபடி விரிவின் கேரக்டர் ஒன்றிலிருந்து சூப்பர்கஸ்பிடலைக் கட்டிவிட்டு, அதே கேரக்டரைத் தூண்டி அளபுரு என்று எழுதிவிடுகிறார்கள். அணிக்கோவையும் மையக் கேரக்டரும் ஒரு குறியால் விலகும். 5-இல் −1 மதிப்பெடுக்கும் கிளையாத கேரக்டரால் முதலில் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

எல்லாக் குலங்களுக்கும் அளபுரு தரும் ஃபார்க்–ஷோல்ட்ஸே கட்டமைப்பை நாடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது தருவது அரையெளிமையாக்கிய அளபுரு. மோனோட்ரோமி, அதாவது அளபுருவின் நில்பொட்டன்ட் பகுதி, உதிர்ந்துவிடுவதால் ஸ்டைன்பெர்க்குக்கும் ஒரு பரிமாண உருவகிப்புக்கும் அங்கே ஒரே விடைதான். இரண்டையும் பிரிக்க மறுபடி ஹெக்கே இயற்கணிதத்துக்கு வந்து டி-யின் மதிப்பு 5-ஆ −1-ஆ என்று பார்க்க வேண்டும்.